பல் விளக்காதவர்களா நாம்?

நம்ம கீழ்வேளூர் வட்டாரத்தில் பாட்டன் காலத்துத் தண்டனை ரெண்டு: சவுக்கடி, சாணிப்பால். எதிர்த்துப் பேசிய வாயில் சாணியைக் கரைத்து ஊற்றினார்கள். சங்கம் கட்டிப் போராடி 1944 மன்னார்குடி ஒப்பந்தத்தில்தான் அதை ஒழிப்பதாக எழுதி வாங்கினோம். பிறகும் கூலி கேட்டதற்காக 1968 டிசம்பர் 25இல் வெண்மணியில் 44 பேரை எரித்தார்கள். நம்ம வாய்க்குள் என்ன போகணும் என்று நாமே தீர்மானிக்கிற உரிமை இங்கே சும்மா வந்ததல்ல. இன்றைக்கு அதே கேள்வி குடிதண்ணீரில் வந்து நிற்கிறது.

விடுதியில் எங்களோடு தர்மபுரிப் பக்கத்துத் தம்பி ஒருவன் தங்கிப் படித்தான். சிரிக்கும்போதெல்லாம் கையால் வாயைப் பொத்திக்கொள்வான். முன்பல்லில் பழுப்புக் கோடுகள், சின்னச் சின்னக் குழிகள். ஒருநாள் வகுப்பில் வாத்தியார் எல்லார் முன்னாலும் கேட்டார்: "ஏன்டா, உங்க தெருவுல பல்லு வெளக்குற பழக்கமே கெடையாதா?" 'உங்க தெரு' என்ற சொல்லைக் கவனியுங்கள் தோழர்களே. அவன் தலையைக் குனிந்துகொண்டான். அன்றைக்கு எங்களுக்கும் பதில் தெரியாது.

பதில் இதுதான். அது அழுக்கு இல்லை, ஃபுளோரைடு. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பூமி கடும்பாறை. அந்தப் பாறையிலிருந்து ஃபுளோரைடு கரைந்து போர் தண்ணீரில் சேர்கிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். எட்டு வயதுக்குள், ஈறுக்குள்ளே பல் உருவாகும் காலத்தில், அளவுக்கு மேல் குடித்த குழந்தைக்குப் பல்லின் மேற்பூச்சே பழுதாகிவிடுகிறது. முளைத்து வெளியே தெரியும்போது காரியம் முடிந்துபோயிருக்கும். வேப்பங்குச்சி, பேஸ்ட் எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அளவு கூடத்தான் செய்யும். வருசக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகி, குனிந்து நிமிர முடியாமல் போகும்.

ஃபுளோரைடே விஷம் என்றும் சொல்லிவிட முடியாது. கொஞ்சமாக இருந்தால் சொத்தை வராமல் பல்லைக் காக்கும். அமெரிக்காவில் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரத்தில் 1945இல் அளந்து, வேண்டுமென்றே குடிநீரில் கலந்தார்கள். பேஸ்டில் சேர்த்துக் கடையில் விற்கிறார்கள். ஒரு இடத்தில் அளந்து கொடுக்கிறான். இன்னொரு இடத்தில் அளக்கவே ஆள் இல்லை. யாருக்காக அளக்கிறார்கள் என்பதுதான் நம்ம கேள்வி.

தெரியாமல் நடந்தது என்று யாரும் சொல்ல முடியாது. இந்த நோயை 1937லேயே அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் கண்டு எழுதி வைத்தார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது 2013இல். இடையில் 76 வருசம்! எத்தனை தலைமுறைப் பல் முளைத்து விழுந்திருக்கும்?

பாறைக்குச் சாதி தெரியாது, உண்மைதான். தப்பிக்கிற வழிக்குச் சாதி தெரியும். காசுள்ளவன் கேன் தண்ணீர் வாங்குவான், வீட்டில் வடிகட்டி வைப்பான். பாலும் முட்டையும் காணாத உடம்பில் ஃபுளோரைடின் கேடு கூடுதல். பக்கத்துப் பக்கத்து போரிலேயே அளவு மாறும். அப்படியிருக்க ஊர்த்தெரு தொட்டியில் மாதிரி எடுத்து, மொத்தக் கிராமத்துக்கும் 'குடிக்கத் தகுந்தது' என்று எழுதினால் சேரி போரின் கதை என்ன? கடைசியில், கெட்ட தண்ணீர் கொடுத்தவனை விட்டுவிட்டுக் குடித்தவனைப் பார்த்து 'சுத்தமில்லாதவன்' என்கிறார்கள். சாதி காலங்காலமாகச் சொல்லிவரும் பொய்க்கு நம்ம பிள்ளைகளின் பல்லே சாட்சியாக நிறுத்தப்படுகிறது.

'அது தர்மபுரிக்காரன் பிரச்சினை, நம்ம மண் வண்டல், இங்கே உப்புத் தண்ணிதானே' என்று இருந்துவிடக் கூடாது. கொள்ளிடத் தண்ணீர் குழாயில் வராத நாளில் நம்ம சனங்களும் அடிபம்பைத்தான் தேடுகிறார்கள். 2022 டிசம்பரில் வேங்கைவயல் தொட்டியில் கலந்தது மலம் என்று மக்களால் கண்டுபிடிக்க முடிந்தது. ஃபுளோரைடுக்கு நிறமில்லை, மணமில்லை. சோதித்தால்தான் தெரியும்.

ஆகவே மாணவத் தோழர்கள் செய்ய வேண்டியது உண்டு. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. அந்த ஐந்தில் நம்ம தெருப் பெண்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். ஒவ்வொரு சேரி போரையும் தனியாகச் சோதித்து, அளவைப் பம்பின் மேலேயே பெயிண்டில் எழுதச் சொல்லுங்கள். மழுப்பினால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள்.

1927 மார்ச் 20இல் மகத் குளத்தில் இறங்கி அண்ணல் அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்தார். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள்; தமிழ்நாட்டில் அன்றைக்குக் கிராமசபை கூடுகிறது. அன்றைக்கு எழுந்து நின்று கேளுங்கள்: "எங்க தெரு தண்ணியில என்னா இருக்கு? அளந்த சீட்டைக் காட்டு!"

இனி நம்ம பிள்ளை எவனும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கக் கூடாது.