டபுள் கிளாஸும் காணாமப் போன சன்ஷேடும்

"ஜன்னலுக்கெல்லாம் டபுள் கிளாஸ் போட்டுட்டா வெயில் உள்ளேயே வராதாமே?" சென்னையில் வீடு கட்டுறவங்க இப்போ அடிக்கடி கேட்கிற கேள்வி இது. யார் சொன்னது மக்களே? விக்கிறவர் சொன்னார். அவர் சொல்லாம விட்டதை நான் சொல்றேன். ஆட்டோ அனுப்பறவங்க கடைசி வரைக்கும் படிச்சுட்டு அனுப்புங்க.

ரெட்டைக் கண்ணாடி குளிர் நாட்டுச் சரக்கு. லண்டனில் ஜனவரி மாசம் ஹீட்டர் போட்டுச் சூடாக்கின அறையின் சூடு வெளியே ஓடிடக் கூடாது. அதுக்குத்தான் ரெண்டு கண்ணாடி, நடுவுல காற்றோ ஆர்கானோ. இப்படிச் சூடு கடக்கிறதைக் காட்டற எண் யு வேல்யூ. ஒற்றைக் கண்ணாடிக்குச் சுமார் 5.7, ரெட்டைக்குச் சுமார் 2.8. பாதி! நோட்டீஸில் கொட்டை எழுத்தில் போடுறது இதைத்தான்.

நம்ம எதிரியே வேற சாமி. 13 டிகிரி அட்சரேகையில் வெயில் நேரா கண்ணாடியைத் தாண்டி வந்து கட்டில் மேல உக்காருது. அதை அளக்கிற எண் எஸ்.எச்.ஜி.சி. சாதாரண ஒற்றைக் கண்ணாடிக்குச் சுமார் 0.8, சாதாரண ரெட்டைக்குச் சுமார் 0.7. அதாவது மேல விழற வெயில் சூட்டில் பத்துல ஏழு பங்கு உள்ளே, உங்க காசு வெளியே. வெயில் தடுக்கிற கோட்டிங் உள்ள கண்ணாடியில் இது 0.3 வரைக்கும்கூட இறங்கும். ஆனா அந்த வேலையைச் செய்யறது கோட்டிங், ரெண்டாவது கண்ணாடி இல்லை.

நம்ம கொத்தனார் இதைவிட மலிவா ஒண்ணு வச்சிருந்தார். பேரு சன்ஷேடு. கண்ணாடியைத் தொடறதுக்கு முன்னாடியே வெயிலை மறிக்கும். தெற்கு ஜன்னலுக்கு 2 அடி சன்ஷேடு பெரிய உதவி. மேற்கில் சாயங்கால வெயில் தாழ்வா வரும். அங்கே ஜன்னலைச் சின்னதாக்கி, வெளியே மூங்கில் தட்டி கட்டணும். முகப்பு 'மாடர்னா' இருக்கணும்னு சன்ஷேடை வெட்டிட்டு, அந்தச் சூட்டுக்கு மருந்துன்னு டபுள் கிளாஸ் விக்கறாங்க பாருங்க, அங்கதான் எனக்குக் கோபம் வருது!

இன்னொண்ணு காத்து. வீடுகளுக்கான மத்திய அரசின் எகோ நிவாஸ் சம்ஹிதா (2018), சென்னை மாதிரி புழுக்கமான ஊருக்குத் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு திறக்கிற ஜன்னலா இருக்கணும்னு சொல்லுது. ரெண்டு கதவு ஸ்லைடிங் ஜன்னல் பாதிதான் திறக்கும். கரண்ட் போன ராத்திரி, திறக்காத கண்ணாடி எத்தனை அடுக்கா இருந்து என்ன பிரயோஜனம்?

நாள் பூரா ஏசி ஓடற அறைன்னா போடுங்க, தப்பில்லை. மெயின் ரோடு இரைச்சல்னா, ஒரு கண்ணாடியாவது லாமினேட்டடா, ரெண்டும் வேற வேற தடிமனா கேளுங்க. ரப்பர் அழுத்தி மூடற, கீல் வச்ச கதவா இருக்கணும். ஸ்லைடிங்கில் இடுக்கு வழியா ஹாரன் சத்தம் தாராளமா வரும்.

கடைக்குப் போனா மூணே கேள்வி. எஸ்.எச்.ஜி.சி. எவ்வளவு? ஜன்னல் எவ்வளவு திறக்கும்? ஓர சீல் விட்டுப்போய் நடுவுல பனி படிஞ்சா (துடைக்க முடியாது, அந்த யூனிட்டையே மாத்தணும்) எத்தனை வருஷத்துக்கு எழுத்தில் வாரண்டி?

பதில் வரலைன்னா அந்தக் காசுல சன்ஷேடு போட்டுட்டு, வாசல்ல ஒரு வேப்பங்கன்னு நடுங்க.

டிஸ்கி: எனக்குக் கண்ணாடிக் கடையும் இல்லை, மூங்கில் தட்டி வியாபாரமும் இல்லை :-)