முற்றத்துக்குச் சிமென்ட் பூசாதீர்கள்



வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் எங்கள் மடிப்பாக்கம் பக்கம் வீட்டுக்கு வீடு மண் கொட்டி, மேலே சிமென்ட் பூசுகிறார்கள். தோட்டத்தில் தண்ணீர் தேங்குவதற்கு இது தீர்வே அல்ல. தேங்கியது பக்கத்து வீட்டுக்குப் போகிறது, அவ்வளவுதான்.

இங்கே மேல்மண் பெரும்பாலும் களிமண். திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடற்கரை மணலில் மழைநீர் நிலத்தில் இறங்கச் சாதாரணக் கசிவுக்குழியே போதும். களிமண்ணில் அது தொட்டி மாதிரி நிரம்பி நின்றுவிடும். குழியின் அடியிலிருந்து மணற்பாங்கான அடுக்கு வரை துளையிட்டு, ஓட்டை போட்ட பிவிசி குழாயை இறக்கி, சுற்றிலும் ஜல்லி நிரப்பினால்தான் நீர் இறங்கும். 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது எங்கள் தெருவில் பெயருக்கு வெட்டிய குழிகள் இன்று குப்பை அடைத்துத் தூர்ந்து கிடக்கின்றன. அவற்றைத் தூர்வாரினாலே பாதி வேலை முடியும்.

முற்றம் சுவரிலிருந்து வெளிநோக்கிச் சரிய வேண்டும். 10 அடிக்கு 2 அங்குலம் போதும். களிமண் இளகட்டும் என்று கொஞ்சம் மணலைக் கலப்பார்கள். அது இன்னும் இறுகும். மட்கிய எருதான் மண்ணைப் பொலபொலப்பாக்கும். பப்பாளி, முருங்கை வேர்கள் நீர் நின்றால் அழுகிவிடும், மேட்டுப்பாத்தியில் நடுங்கள். பள்ளத்துக்குச் சேம்பும் கல்வாழையும் ஏற்றவை.

ஒன்றை மன்றாடிக் கேட்கிறேன். பாதாளச் சாக்கடை மூடியைத் திறந்து மழைநீரை விடாதீர்கள். மழை வலுக்கும்போது அந்தக் கழிவுநீர் தாழ்வான வீடுகளின் கழிப்பறை வழியாகத்தான் திரும்பி வருகிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மடிப்பாக்கம், சென்னை