லாக்கப்புக்கும் ஒரு கண் வேண்டும்!

ஒருவரைப் போலீசார் அழைத்துச் செல்கிறார்கள். பிறகு நடப்பதற்கு யார் சாட்சி?

காமிராதான். எல்லாப் போலீஸ் நிலையங்களிலும் அதைப் பொருத்தும்படி 2020 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. வாசல், தாழ்வாரம், லாக்கப் எதுவும் விடுபடக் கூடாது. பதிவை ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும். மின்சாரம் இல்லாத ஊரா? சூரிய ஒளியிலாவது மின்சாரம் தர வேண்டும். செலவுக்கு மாநில அரசு பணம் ஒதுக்க வேண்டும்.

பணம் மட்டும் போதுமா? 2020 ஜூனில் சாத்தான்குளம் நிலையத்தில் அடிபட்ட தந்தையும் மகனும் பிறகு இறந்தார்கள். அங்கே காமிரா இருந்தது. ஆனால் பதிவு அன்றன்றே அழியும்படி வைக்கப்பட்டிருந்தது!

காரைக்குடி இருக்கும் அதே சிவகங்கை மாவட்டத்தில், 2025 ஜூனில், மடப்புரம் கோவில் காவலாளி ஒருவர் நகைத் திருட்டுப் புகாரில் விசாரிக்கப்பட்டு இறந்தார். அவரை அடிக்கும் காட்சியை ஒருவர் மறைந்திருந்து படம் பிடித்தார். அந்த இடம் லாக்கப் அல்ல, கோவிலின் பின்புறம்! 5 போலீசார் கைதானார்கள். வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது.

நிலையத்துக் காமிராவுக்குக் கோவிலின் பின்புறம் தெரியாது. ஆகவே பணத்தோடு ஒழுங்கும் வேண்டும். பிடித்தவரை நேரே நிலையத்துக்குக் கொண்டு வர வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இது சட்டம். ஒவ்வொரு குடும்பமும் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.