சொறிநாய் என்று ஓர் இனமே கிடையாது

இன்று கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன்.

"நாய் சொறிகிறது, பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளும், எங்காவது விட்டுவிடலாம்." இந்த ஆண்டில் மட்டும் மூன்று வீடுகளில் இதைக் கேட்டேன். மூன்றுமே படித்தவர்கள் வீடு.

சொறிகிற நாய்க்கெல்லாம் தொற்றுநோய் இல்லை. பல நாய்களுக்கு இருப்பது ஒவ்வாமை, அதாவது அலர்ஜி. அது யாருக்கும் ஒட்டாது. தொற்றுகிற சொறியும் உண்டு. அதற்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத பூச்சி. தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். அதையும் மருந்தால் குணப்படுத்தலாம். எதுவானாலும் தெருவில் விடக் காரணம் எங்கே இருக்கிறது?

கவனித்துப் பாருங்கள். வாலடியையும் முதுகின் பின்பகுதியையும் கடித்துக்கொண்டே இருந்தால் தெள்ளுப்பூச்சியைச் சந்தேகியுங்கள். அதன் எச்சில்தான் ஒவ்வாமையைக் கிளப்புகிறது. இரண்டொரு கடியே போதும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் தீராது. முட்டைகள் பாயிலும் தரை இடுக்கிலும் கிடக்கும். படுக்கையை வெந்நீரில் துவைக்க வேண்டும். பாதத்தை ஓயாமல் நக்குவது, காது திரும்பத் திரும்பச் சீழ் பிடிப்பது ஆகியவை தூசி, மகரந்தம் அல்லது உணவு ஒத்துக்கொள்ளாததால் இருக்கலாம். உணவா என்று அறிய, மருத்துவர் சொல்லும் ஒரே உணவை எட்டு வாரமாவது கொடுத்துப் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு பிஸ்கட் போட்டாலும் சோதனை வீண்.

மண்ணெண்ணெய், மெக்கானிக் கடைக் கழிவு ஆயில் தடவுவது வைத்தியமல்ல, வதை. தோல் வெந்துபோகும்; நக்கினால் வயிற்றுக்குள்ளும் விஷம். உங்களுக்கு எழுதித் தந்த மாத்திரையில் பாதியை உடைத்துப் போடுவதும் வேண்டாம். ஸ்டீராய்டு நான்கு நாள் அரிப்பை அடக்கும், நோயையும் மறைத்துவிடும்.

குளவி கொட்டியோ ஊசி போட்டோ சற்று நேரத்தில் முகம் வீங்கினால், வாந்தி எடுத்துத் தள்ளாடினால், காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.

"செலவாகுமே சார்" என்பீர்கள். ஆகும். ஒவ்வாமை பெரும்பாலும் முழுதாகத் தீராது, ஆயுள் முழுக்கக் கட்டுக்குள் வைக்க வேண்டும். ஆனால் பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்தை எத்தனை பேர் எட்டிப் பார்த்தீர்கள்? பல்லாயிரம் கொடுத்துக் குட்டி வாங்கியபோது வராத கணக்கு இப்போது மட்டும் ஏன் வருகிறது?

பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டத்துக்காக வேண்டாம். உங்களை நம்பி வாலாட்டிய உயிருக்காகவாவது, நாளைக் காலையில் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.