பட்டம் வேறு, பட்டப்பெயர் வேறு

நான் ஓய்வுபெற்ற நாளில் பள்ளியில் பொன்னாடை போர்த்தி, 'கணிதச் செம்மல்' என்று பொறித்த கேடயம் ஒன்றைக் கொடுத்தார்கள். அது எங்கள் வீட்டு ஷோகேஸில் பீங்கான் கிண்ணங்களுக்குப் பின்னால் நிற்கிறது. அன்றைக்குப் பிறகு ஒருவர்கூட என்னை அப்படி அழைத்ததில்லை. போன மாதம் காந்திபுரத்தில் ஒரு பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். நரைத்த மீசைக்காரர் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "டேய், அரை மார்க்குடா" என்று கிசுகிசுத்தார். என் காதில் விழுந்துவிட்டது என்று தெரிந்ததும் கிளாஸை வைத்துவிட்டு எழுந்து கும்பிட்டார்.

விடைக்கு அலகு எழுதாவிட்டால் அரை மதிப்பெண் வெட்டுவேன். முப்பது வருடம் வெட்டினேன். கேடயத்தில் இருப்பது பட்டம்; பேக்கரியில் கேட்டது பட்டப்பெயர். பட்டத்தை விழாக் குழு கொடுக்கும். பட்டப்பெயரை நம்மைத் தினமும் பார்த்துச் சலித்தவர்கள்தான் கொடுப்பார்கள்.

இரவு கண்விழித்து கார் பந்தயம் பார்ப்பது என் பழைய பைத்தியம். ஓட்டுநர்களின் பெயர்களிலும் இந்த இரண்டு சாதி உண்டு. எனக்கு நெருக்கமானவர் பிரான்ஸின் அலென் புரோஸ்ட். தேவைக்கு மேல் ஒரு நொடிகூட வேகம் காட்டாமல் கணக்குப் போட்டு ஓட்டியதால் அவர் 'பேராசிரியர்'. அந்தப் பேராசிரியருக்கும் அரை மார்க் போனது. 1984இல் மொனாக்கோவில் கொட்டும் மழை. முன்னால் போய்க்கொண்டிருந்த புரோஸ்ட், பந்தயத்தை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். பின்னால் இளைஞர் அயர்டன் சென்னா நெருங்கிக்கொண்டிருந்தார். பாதியில் நிறுத்தியதால் வெற்றிக்கு 9 புள்ளிக்குப் பதில் நாலரைதான். முழுப் பந்தயமும் ஓடி இரண்டாவதாக வந்திருந்தால்கூட 6 கிடைத்திருக்கும். வருடக் கடைசியில் போட்டியாளர் நிக்கி லாவுடா 72, புரோஸ்ட் எழுபத்தொன்றரை. சாம்பியன் பட்டம் அரைப் புள்ளியில் போயிற்று. பின்னாளில் நான்கு முறை பட்டம் வென்றார் என்றாலும், எனக்கு அந்த அரைப் புள்ளிதான் மறக்கவில்லை.

புகழ்ச்சியாக வைத்த பெயர்கள் சீக்கிரம் வெளுத்துவிடுகின்றன. குறையில் பிறந்தவைதான் நிலைக்கின்றன. ஐந்து முறை உலக சாம்பியனான அர்ஜென்டினாவின் ஃபாஞ்சியோவை உலகம் 'மேஸ்ட்ரோ' என்றது. அவர் ஊரான பால்கார்சேயில் சிறுவயதில் கால்பந்து ஆடிய காலத்திலேயே வந்த பெயர் 'எல் சுவேகோ', கோணக்காலன். 2003இல் ஷூமாக்கர் ஆறாவது பட்டம் வாங்கும்வரை அந்தக் கோணக்காலை யாரும் தாண்டவில்லை.

இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஹன்ட் அடிக்கடி வண்டியை மோதினார். பந்தயக்காரர்கள் பேச்சில் மோதலுக்கு 'ஷன்ட்' என்று பெயர். விடுவார்களா? 'ஹன்ட் த ஷன்ட்' ஆனார். அதே ஹன்ட் 1976இல் உலக சாம்பியன். இத்தாலியின் விட்டோரியோ பிரம்பில்லாவுக்கு 'மோன்சா கொரில்லா' என்று பெயர். 1975இல் ஆஸ்திரியாவில், அதுவும் மழையில் பாதியோடு நின்ற பந்தயம்தான், முதலாவதாகக் கோட்டைக் கடந்தார். குஷியில் கையைத் தூக்கினார், வண்டி வழுக்கித் தடுப்பில் மோதியது. நசுங்கிய மூக்கோடு வெற்றிச் சுற்று வந்தார். வாழ்நாளில் அவருக்கு ஃபார்முலா ஒன்னில் கிடைத்த ஒரே வெற்றி அது. வேறெந்தப் பெயர் இவருக்குப் பொருந்தும்?

கேலியைப் புகழ்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எடுப்பான பல்லுக்காக லாவுடாவை 'எலி' என்றார்கள். 1976 ஆகஸ்ட் 1ஆம் தேதி நூர்பர்க்ரிங் பந்தயத்தில் தீயில் வெந்தார். மருத்துவமனையில் பாதிரியார் வந்து கடைசிப் பிரார்த்தனை செய்தார். செப்டம்பர் 12ஆம் தேதி மோன்சாவில் கட்டுப் போட்ட தலையோடு ஓட்டி நான்காவதாக வந்தார். கேலிக்கு லாவுடா பந்தயத்தில் பதில் சொல்ல முடிந்தது. திக்கித் திக்கிப் பேசும் பதிமூன்று வயதுப் பையனுக்கு வகுப்பில் பெயர் வைத்தால், அவன் எங்கே போய்ப் பதில் சொல்வான்? அப்படி ஒரு பெயரை என் வகுப்பில் நான் நிறுத்தியிருக்கிறேன். மேலே இருப்பவர்மீது கீழே இருப்பவர் வைத்தால்தான் அது பட்டப்பெயர். மற்றதெல்லாம் வதை.

நம் பக்கம் வருவோம். எங்கள் கோவையின் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன்னுக்குள் நுழைந்த முதல் இந்தியர். 'உலகின் அதிவேக இந்தியர்' என்று எழுதினார்கள். பெருமைதான், ஆனால் டீக்கடையில் அதைச் சொல்லி யாரும் கூப்பிட முடியாது. எங்களுக்கு அவர் நரேன். செட்டிபாளையம் பந்தயத் தளத்துக்கும் பந்தய வீரர் கரிவர்தனின் முழுப் பெயரை வைக்கவில்லை, 'கரி' என்றுதான் வைத்தார்கள். அழைத்துப் பழகிய பெயர் அது.

'தீனா' படத்திலிருந்து வந்த 'தல' என்ற பெயரை, இருபது வருடம் கழித்து 2021 டிசம்பரில் நடிகர் அஜித்குமார் வேண்டாம் என்று இறக்கி வைத்தார். ரசிகர்கள் பலருக்கு வருத்தம். எனக்கு அது சரியாகவே பட்டது. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. வெள்ளித்திரையில் கிடைத்த மகுடத்தைப் பந்தயத் தளத்துக்குத் தூக்கிப் போக வேண்டியதில்லை. அங்கே ஒரு பெயர் வருவதாக இருந்தால், உடன் ஓட்டுகிறவர்களும் டயர் மாற்றுகிறவர்களும் வைக்கட்டும்.

நம் ஊரில் ஃப்ளெக்ஸ் அடிக்கிறவர்களுக்கும், மேடைக்கு மேடை செம்மல், சுடர், திலகம் வழங்குகிறவர்களுக்கும் நான் சொல்வது இதுதான்: கொஞ்சம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருங்கள். ஒரு மனிதரை ஊர் நன்றாகப் பார்த்த பிறகு, பெயர் தானாக வரும். பிடிக்காத பெயராகவும் இருக்கலாம்.

பேக்கரியில் எழுந்து நின்றவரிடம், "இப்பவாவது அலகு எழுதறயா கண்ணு?" என்று கேட்டேன். கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறாராம்.

"மில்லிமீட்டர் போடாம எங்க பட்டறைல ஒரு டிராயிங்கும் வெளிய போகாதுங்க சார்" என்றார்.