பாவுகல்லைப் புதைக்கும் பாழ்வினை

நெல் விதையை நாற்றங்காலிற் பரப்புவதை நம் உழவர் 'நாற்றுப் பாவுதல்' என்பர். தறியில் நெடுக்காக விரியும் நூலைப் 'பாவு' என்பர் நெசவர். தட்டைக் கற்களை நெருங்க வைத்துத் தரையிற் பரப்புவதைக் 'கல் பாவுதல்' என்றனர் கற்றச்சர். வினையடி ஒன்று, தொழில் மூன்று. அக்கல்லுக்குப் பாவுகல் என்று பெயர். இற்றை வகுப்பறையில் அச்சொல்லைச் சொன்னால் மாணவர் விழிக்கின்றனர். 'டைல்ஸ்' என்றால் உடனே தலையாட்டுகின்றனர். சொல் போனது ஒருபுறம் இருக்கட்டும். கல்லே போய்க்கொண்டிருக்கின்றது என்பதுதான் நம் கவலை.

குடமுழுக்கு நெருங்கினாற் போதும். பல ஊர்களிற் பொருள் படைத்தோர் முன்வந்து, கோயில் திருச்சுற்றின் பழைய பாவுகற்களின்மேற் பைஞ்சுதையைக் கொட்டி, வழவழப்பான ஓடுகளை ஒட்டிவிடுகின்றனர். மறவாமல் தம் பெயரையும் அங்கே பொறித்துக்கொள்கின்றனர்! அவர்தம் அன்பை நாம் பழிக்கவில்லை, அறியாமையையே பழிக்கின்றோம்.

பாறையில் வரிசையாகக் குழி வெட்டி, ஆப்பிறுக்கிப் பிளந்தெடுத்த கல் அது. அதன் மேற்பரப்பைக் கற்றச்சன் உளியாற் கொத்தினானேயன்றி மெருகிடவில்லை. ஏன்? மழைநீரிலும் திருமுழுக்கு நீரிலும் வெறுங்கால் வழுக்கலாகாது என்பதற்காகவே. நீர் வடிய வாட்டமும் கொடுத்தான். கல்லிடுக்கின் வழியே மண்ணின் ஈரம் வெளியேறியது. இடுக்கை அடைத்தபின் அவ்வீரம் தூணிலும் சுவரிலும் ஏறுகின்றது.

தட்டைக்கல் தரைக்கு மட்டும் உரியதன்று, கூரையும் அதுவே. கல், தன்னை அமுக்கும் சுமையை எளிதில் தாங்கும். வளைக்கும் இழுப்பைத் தாங்காது. ஆதலின் தூண்களை நெருக்கி நட்டு, விட்டக்கல் ஏற்றி, அதன்மேற் பலகைக்கற்களைப் பரப்பினர். ஆயிரக்கால் மண்டபத்தில் அத்தனை கால்கள் நிற்பது வெறும் பகட்டாலன்று. கல்லின் இயல்பறிந்த கணக்கு அது.

இவற்றினும் பெருங்கேடு எழுத்துக்கு நேர்வது. சிதைந்த பழங்கட்டடங்களின் கற்கள், பிற்காலத் திருப்பணிகளில் தரையிலும் படியிலும் பாவப்பெற்றன. அவற்றுட் கல்வெட்டுத் துண்டுகளும் உள. மேலும், தரையை உயர்த்துந்தோறும் சுவரின் தாங்குதளத்து அடிவரிகளும் புதையுண்கின்றன. முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) சுவரில் வெளிப்படத் தெரிந்தமையால் நம் கைக்குக் கிட்டின. அவை தரைக்கற்களாய்க் கிடந்து ஓட்டுக்கு அடியிற் போயிருப்பின், சோழர்கால ஊராட்சித் தேர்தலுக்கு எதைச் சான்று காட்டுவோம்?

தரை தாழ்ந்து நீர் தேங்குகின்றதா? கற்களைப் பெயர்த்து, எண்ணிட்டு, மண்ணை நிரவி, அவற்றையே மீளப் பாவலாம். பெயர்க்கும்போது அடிப்புறத்தையும் திருப்பிப் பாருங்கள். எழுத்திருப்பின் தொல்லியல் துறைக்குத் தெரிவித்து, மைப்படி எடுத்த பின்னரே வேலை தொடரட்டும். ஒரு கல்லுக்கு மைப்படி எடுக்க ஈரத்தாளும் மையும் சிறிது பொழுதுமே வேண்டும்.