ஆட்சேபணைக்கு ஓர் எல்லை வேண்டும்

பலர் கூடி எடுத்த முடிவை ஒருவர் நின்று தடுக்கும் அதிகாரத்தை ‘வீட்டோ’ என்பர். ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபையில் ஐந்து வல்லரசுகளுக்கு அவ்வதிகாரம் உண்டு; மற்ற உறுப்பு நாடுகள் யாவும் ஒப்பினாலும் அவ்வைந்தில் ஒன்று மறுத்தால் தீர்மானம் வீழ்ந்துவிடும். இஃது எங்கோ நடக்கும் செய்தி என்று தவளக்குப்பத்து அங்கத்தினர்கள் எண்ண வேண்டா. ரேஷன் அரிசியின் வழியாக அது நம் அடுப்படிக்கே வந்திருக்கிறது.

1963-ஆம் ஆண்டின் யூனியன் பிரதேச அரசாங்கச் சட்டத்தின்படி புதுவைக்குச் சட்டசபையும் மந்திரிசபையும் கிடைத்தன. அச்சட்டத்தின் 44-ஆவது பிரிவு, மந்திரிசபைக்கும் துணைநிலை ஆளுநருக்கும் கருத்து வேற்றுமை எழுமானால், ஆளுநர் விஷயத்தைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்ப வேண்டும் என்கிறது. அங்கிருந்து வரும் முடிவே முடிவு. நடைமுறையில் அது மத்திய அரசாங்கத்தின் முடிவாகும். ‘வீட்டோ’ என்னும் சொல் அப்பிரிவில் இல்லை. விளைவு ஏறத்தாழ அதுவே.

திரு. நாராயணசாமி முதலமைச்சராகவும் திருமதி கிரண் பேடி ஆளுநராகவும் இருந்த காலத்தில், இலவச அரிசியை அரிசியாகவே வழங்க வேண்டும் என்றது மந்திரிசபை. பணமாக வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும் என்றார் ஆளுநர். விஷயம் டெல்லிக்குச் சென்றது. பணம் என்றே முடிவாயிற்று. அன்றாட நிர்வாகத்தில் ஆளுநர் தலையிடலாகாது என்று 2019 ஏப்ரல் 30-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தீர்ப்பளித்தார்; 2020 மார்ச் 11-இல் இரு நீதிபதிகள் அமர்வு அத்தீர்ப்பை நீக்கியது.

அரிசியா, பணமா என்பதில் இரு பக்கமும் நியாயம் உண்டு. அரிசியின் தரம் குறையக்கூடும். பணமோ கடைவிலை ஏறும்போது உடன் ஏறுவதில்லை. அதைத் தீர்மானிக்க வேண்டியவர் யார் என்பதே நம் கேள்வி.

மறுக்கும் அதிகாரமே கூடாதென்று நாம் கூறவில்லை. சங்கங்களை ஆய்வு செய்கையில் துணைவிதிக்கு மாறான செலவை நாமும் ஆட்சேபிக்கிறோம். ஆனால் எந்த விதி மீறப்பட்டது என்று எழுத்தில் குறிக்கிறோம். விடை கூறச் சங்கத்துக்கு இடமளிக்கிறோம். எந்த நூல் வாங்குவது, எந்தச் சாயம் ஏற்றுவது என்பனவற்றில் நமக்கு வேறு அபிப்பிராயம் இருந்தாலும் குறுக்கிடுவதில்லை. அது அங்கத்தினர்கள் தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழுவின் பொறுப்பு. விதியைக் காப்பது ஆட்சேபணை. விருப்பத்தைத் திணிப்பது அதிகாரம். முன்னது வேண்டும், பின்னது கூடாது.

44-ஆவது பிரிவு இவ்விரண்டையும் பிரித்துக் காட்டவில்லை. முடிவு வர இத்தனை நாள் என்ற வரம்பும் அதில் இல்லை. மாநில அந்தஸ்து வந்தால் எல்லாம் தீரும் என்பாரும் உளர். எனினும் மாநிலங்களிலும் மசோதாக்கள் காத்துக் கிடந்ததைக் கண்டோம். இசைவளிக்க ஆளுநருக்கு நீதிமன்றம் காலக்கெடு விதிக்க இயலாதென்று 2025 நவம்பர் 20-இல் உச்ச நீதிமன்றம் கருத்துரைத்தது. ஆகவே எல்லையைச் சட்டமே வகுத்தாக வேண்டும்: எவ்வெவ் விஷயங்களில் மறுக்கலாம், காரணம் எழுத்தில் வேண்டும், இத்தனை நாளுக்குள் முடிவு வேண்டும். பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தைப் பாராளுமன்றமே திருத்தலாம்.

1954 அக்டோபர் 18-இல் கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடினர். 170 பேர் இந்தியாவுடன் இணைவதற்கு வாக்களித்தனர். எட்டுப் பேர் மறுத்தனர். அம்மறுப்பும் எண்ணப்பட்டது, ஆயினும் பெரும்பான்மையே வென்றது. பிரதிநிதிகளின் வாக்கால் இணைந்த மண்ணில் அவ்வாக்குக்கு உரிய மதிப்பு நிலைக்க வேண்டும். வாக்குக் கேட்டு வருவோரிடம் அங்கத்தினர்கள் இதனைக் கேட்பார்களாக.